பின்வளவில தனிய நிக்கிற கராஜ்: ஆணி நுனியெல்லாம் உறைபனி. எங்க பிழைச்சது?

மணவறை_ஸ்காபரோ | ஒக்ரோபர் 6, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். விசயம் கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிச்சு ஒரு வழி சொல்லுங்கோ.

எங்கட வீடு கனடாவில, ரொறன்ரோ ஸ்காபரோவில 1958இல கட்டின பங்களோ. கராஜ் வீட்டோட ஒட்டினதில்லை, பின்வளவில தனிய நிக்குது. 20க்கு 20 அடி, 2×4 ஸ்ரட் (நிமிர்ந்து நிக்கிற மரச்சட்டம்) சுவர், 8 அடி உயரம், மேல முகட்டுக் கூரை. நான் கலியாண மணவறை செய்யிறனான். தூண், வளைவு, பின்திரை எல்லாம் அங்கதான் வெட்டி ஒட்டி பெயின்ற் அடிக்கிறது. கோடைக் கலியாணங்களுக்கு ஜனவரியிலயே வேலை தொடங்க வேணும். அதாலதான் குளிருக்குள்ள அங்க நிக்க வேண்டிக் கிடக்கு.

போன வருடம் தெரிஞ்ச ஒராளைப் பிடிச்சு இன்சுலேஷன் போட்டனான். சுவருக்குள்ள பிங்க் நிறக் கண்ணாடியிழைப் பஞ்சு. கூரைச் சட்டங்களுக்கு இடையிலயும் மேல் பலகையோட முட்டமுட்ட, தாழ்வாரம் வரைக்கும் அதே பஞ்சை இறுக்கி அடைச்சார். சுவருக்குப் பிளாஸ்ரிக் அடிச்சார், கூரைக்கு அடிக்கேல்லை. நான் மணித்தியாலத்துக்கு 30,000 பி.ரி.யு. (வெப்ப அளவு) தாற புரொப்பேன் ஹீற்றர் ஒண்டைச் சிலிண்டரில கொழுவி, ஒரு நாளைக்கு நாலைஞ்சு மணித்தியாலம் எரிச்சுக்கொண்டு வேலை செய்தன்.

பெப்ரவரியில ஒரு இடத்தில பஞ்சு தொங்கிச்சுது. இழுத்தா ஈரத்துணி மாதிரிப் பாரம். அதுக்குப் பின்னால கூரைப் பலகையைத் துளைச்சுக்கொண்டு வந்து நிக்கிற ஆணி ஒவ்வொண்டின்ர நுனியிலயும் மல்லிகை மொட்டுப் பருமனில வெள்ளை உறைபனி. வரிவரியா, கண்ணுக்கெட்டின தூரம் மட்டும். மத்தியானம் வெயில் பட்டதும் அவ்வளவும் உருகிச் சொட்டத் தொடங்கிச்சுது. சிவப்பு வெல்வெற் திரை ரெண்டு கறை பட்டுப் போச்சு. ஏப்ரலில பலகையில கறுப்புப் பூஞ்சணம்.

டிசம்பருக்கு முதல் திருத்த வேணும். எங்க பிழைச்சது? இன்னும் தடிப்பாப் பஞ்சு போட வேணுமா?


தச்சன்_மார்க்கம் | ஒக்ரோபர் 6, இரவு 10.25

தம்பி, இன்னும் பஞ்சு போடாதையுங்கோ. முதல் நாலு விசயம் சொல்லுங்கோ. தாழ்வாரத்தின்ர அடிப்பக்கம் துளை போட்ட அலுமினியமா, மூடின பலகையா? முகட்டுக்குக் கிட்ட வென்ற் (காற்றுத் துவாரம்) இருக்குதா? கூரைச் சட்டம் 2×4ஆ 2×6ஆ? சுவருக்குச் சுவர் குறுக்குச் சட்டம் ஓடுதா?


மணவறை_ஸ்காபரோ | ஒக்ரோபர் 7, காலை 7.05

தாழ்வாரம் மூடின பலகைதான் அண்ணை. மேல வென்ற் ஒண்டும் இல்லை. கூரைச் சட்டம் 2×6. குறுக்குச் சட்டம் 8 அடி உயரத்தில நாலடிக்கு ஒண்டு இருக்கு.


தச்சன்_மார்க்கம் | ஒக்ரோபர் 7, இரவு 8.50

விளங்குது. உங்கட கராஜில குளிரை விட ஈரலிப்புத்தான் கூத்தாடியிருக்கு. ரெண்டு இடத்தில பிழை.

முதலாவது ஹீற்றர். புரொப்பேன் எரிஞ்சால் தண்ணீர் உண்டாகும். ஒரு கிலோ வாயு எரிஞ்சால் ஒரு கிலோ 600 கிராம் தண்ணீர், ஆவியாக. 20 இறாத்தல் சிலிண்டர் ஒன்றை எரிச்சு முடிச்சால் பதினாலு பதினைஞ்சு லீற்றர் தண்ணீரை அந்த அறைக்குள் ஊற்றினதற்குச் சமன். உங்கட 30,000 பி.ரி.யு. ஹீற்றர் மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் விடும். உங்கட கராஜுக்குள்ள இருக்கிற காற்று 90 கன மீற்றர். 15 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று அதிகபட்சம் 13 கிராம் தண்ணீரைத்தான் தாங்கும். கணக்குப் பாருங்கோ: ஒரு மணித்தியாலம் எரிச்சாலே முழுக் கராஜும் நிரம்பிப் போகும். மிச்ச நாலு மணித்தியாலத் தண்ணீர் எங்க போறது? பஞ்சுக்குள்ளால ஊடுருவி, கூரைப் பலகை வரைக்கும் போய், -15 பாகையில் நிற்கிற ஆணியில் உறையும். ஆணி இரும்பு, வெளிக்குளிரை உள்ளே கொண்டுவரும். அதனால்தான் முதல் அதில் பிடிக்குது.

ரெண்டாவது, பஞ்சைப் பலகையோட முட்ட அடைச்சது. பஞ்சு காற்றையும் ஆவியையும் மறிக்காது. உள்பக்கம் பிளாஸ்ரிக் இல்லாததால ஆவி தாராளமாய்ப் போயிருக்கு. போனது திரும்பி வெளியேற மேலே காற்றோட்டமும் இல்லை. தாழ்வாரம் மூடிக் கிடக்கு, முகடு மூடிக் கிடக்கு. பலகை மூச்சு முட்டிப் போச்சு.

நனைஞ்ச பஞ்சு எல்லாத்தையும் கழற்றி எறியுங்கோ, காயவைச்சுத் திரும்பப் போட வேண்டாம். பலகையைச் சவர்க்காரத் தண்ணீரால தேய்ச்சுத் துடைச்சு, கதவைத் திறந்து விசிறி விட்டு நல்லாய்க் காயவிடுங்கோ. தேய்க்கேக்க என்95 முகக்கவசம் கட்டாயம்.

பிறகு கூரையை விட்டுப்போட்டுக் குறுக்குச் சட்ட மட்டத்தில் தட்டையாய்ச் சீலிங் போடுங்கோ. நாலடி இடைவெளி டிறைவோலுக்கு (ஜிப்சப் பலகைக்கு) காணாது, இடையில புதுச் சட்டம் போட வேணும். அதுக்குக் கீழே 6 மில் (அங்குலத்தில ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிப்புப் பிளாஸ்ரிக். ஒன்றின்மேல் ஒன்று படிகிற இடத்தில கறுப்பு அக்கூஸ்ரிக் சீலன்ற் (இடுக்கு அடைக்கிற பசை) இழுத்து, மேலே சிவப்பு ரேப். பிளாஸ்ரிக்குக்குக் கீழே அரை அங்குல டிறைவோல். சீலிங்குக்கு மேலே ஊதுற பஞ்சு (மெசினால ஊதி நிரப்புற உதிரிப் பஞ்சு) ஆர்-40 அளவுக்கு; ஆர் எண் கூடக் கூடச் சூடு வெளியேறுறது குறையும். அதுக்கும் மேலே உள்ள இடம் வெளிக்குளிரிலேயே இருக்கட்டும். வெளிக்காற்று ஓடட்டும்.

அந்தக் காற்றுக்கு வழி விட வேணும். கட்டட விதிக் கணக்கு, சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்கு. உங்களுக்கு 400 சதுர அடி, அதாவது 192 சதுர அங்குலம் திறப்பு. பாதியைக் கீழே தாழ்வாரத்திலும் பாதியை மேலே முகட்டுக்குக் கிட்டவும் குடுங்கோ. கூரையில வைக்கிற சதுர வென்ற் ஒன்று பெரும்பாலும் 50 சதுர அங்குலம், ஆகவே ரெண்டு காணும். வாங்கேக்க பெட்டியில் போட்டிருக்கிற நிகரத் திறப்பளவை (காற்று உண்மையாய்ப் போற இடத்தை) பாருங்கோ, வெளி அளவைப் பார்க்காதையுங்கோ. தாழ்வாரப் பலகையைக் கழற்றித் துளை அலுமினியம் அடியுங்கோ. ஒவ்வொரு கூரைச் சட்ட இடைவெளியிலும் ஒரு பஃபிள் (காற்று வழியைத் திறந்து வைக்கிற தகடு) வையுங்கோ, இல்லாட்டி ஊதுற பஞ்சு தாழ்வாரத்தை அடைச்சுப்போடும்.


பின்சந்து_எட்மண்டன் | ஒக்ரோபர் 8, காலை 11.30

வணக்கங்க. நான் கோயமுத்தூர்க்காரன், எட்மண்டன்ல பதினொரு வருசமா இருக்கேன். இங்க எல்லார் வீட்டு கராஜும் பின்சந்துல தனியாத்தான் நிக்கும். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கு, அண்ணா கோவிச்சுக்காதீங்க.

மணவறைத் தூண் செய்யறவருக்கு உயரம் வேணும். 8 அடில சீலிங் போட்டா தூணை எப்படி நிறுத்துவார்? நான் கூரைச் சட்டத்துக்கு நடுவுல க்ளோஸ்டு செல் ஸ்ப்ரே ஃபோம் (தெளிச்சதும் பொங்கி இறுகுற நுரை) அடிச்சேன். பலகையோட நேரா ஒட்டிக்கும், காத்துக்கு இடமே இல்ல, ஈரம் போய்ச் சேரவும் வழி இல்ல. அங்குலத்துக்கு ஆர்-6. ரெண்டு அங்குலத்துக்கு மேல போனா அதுவே பிளாஸ்டிக் மாதிரி ஆவியைத் தடுத்துடும். -30ல கூட எங்க கூரை வேர்க்கலை. ஆறு வருசமாச்சு.


தச்சன்_மார்க்கம் | ஒக்ரோபர் 8, மாலை 6.15

கோவம் ஒன்றும் இல்லை தம்பி. நீங்க சொல்றது சரியான முறைதான், சரியாய் அடிச்சால். அடிக்கிறவருக்கு அனுபவம் வேணும், பலகை முழுக்கக் காய்ஞ்சிருக்க வேணும். இவரின்ர பலகை ஒரு குளிர்காலம் நனைஞ்சு, பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கு. அதுக்கு மேல ஃபோம் அடிச்சால் பிறகு கூரையில ஓட்டை வந்தாலும் கண்ணில படாது. ஃபோமைத் திறந்தபடி விடவும் கூடாது, தீக்காக டிறைவோலால மூட வேணும். செலவு ரெண்டு மூன்று மடங்கு போகும்.

காற்று இடைவெளி விட்டுச் சட்டத்துக்கு நடுவில பஞ்சு வைக்கலாமே என்றும் யாரும் கேட்பினம். 2×6 சட்டத்தின் உண்மையான ஆழம் ஐந்தரை அங்குலம். மேலே ரெண்டரை அங்குலம் காற்றுக்கு விட்டால் மிச்சம் மூன்று அங்குலம். ஆர்-11 கூட ஒழுங்காய் வராது.

இன்னொன்று, இது முக்கியம்: உயரம் வேணும் என்று அந்தக் குறுக்குச் சட்டங்களை ஒருவரும் வெட்டக்கூடாது. கூரையின்ர பாரம் சுவர்களை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்குது. குறுக்குச் சட்டம்தான் ரெண்டு சுவரையும் இழுத்துப் பிடிச்சிருக்கு. அதை வெட்டின கராஜ் ஒன்றை நான் நேரில பார்த்தனான். ரெண்டு வருசத்தில முகடு நடுவில வளைஞ்சு, கதவு மூட ஏலாமல் போச்சு.


மணவறை_ஸ்காபரோ | ஒக்ரோபர் 8, இரவு 9.40

தூண் ஒன்பதடிதான், ஆனால் மூண்டு துண்டா வாறது. படுக்கப்போட்டுப் பெயின்ற் அடிக்கலாம். எட்டடி எனக்குக் காணும். எட்மண்டன் தம்பிக்கு நன்றி. என்ர பலகையை நினைச்சா எனக்கும் ஃபோம் பயமாத்தான் கிடக்கு.


பின்சந்து_எட்மண்டன் | ஒக்ரோபர் 8, இரவு 11.02

சரிங்க, உங்க பலகை நிலைமைக்கு அண்ணா சொல்றது பொருந்தும். காய்ஞ்ச பலகையா இருந்தா நான் இன்னும் ஃபோம்தான் சொல்லுவேன்.


நிலா_அஜாக்ஸ் | ஒக்ரோபர் 9, காலை 6.20

இரவு வேலை முடிச்சு வந்து வாசிச்சன். தண்ணீர்க் கணக்கு எல்லாம் பார்த்தீங்கள், உயிர்க் கணக்கை ஒருவரும் கதைக்கேல்லை. நான் ஆஸ்பத்திரியில நேர்ஸ். அதனால சொல்லாமல் இருக்க ஏலாது.

புகைபோக்கி இல்லாத புரொப்பேன் ஹீற்றரை மூடின கராஜுக்குள்ள எரிக்கக் கூடாது. காற்றுக் குறையக் குறைய கார்பன் மொனொக்சைட் கூடும். மணம் இல்லை, நிறம் இல்லை. இரத்தத்தில ஒட்சிசன் பிடிக்கிற இடத்தை அது இருநூறு மடங்குக்கு மேல வலுவாய்ப் பிடிச்சுக்கொள்ளும். தலையிடி, ஓங்காளம், தலைச்சுற்று. காய்ச்சல் இல்லாத சளிக்காய்ச்சல் மாதிரி இருக்கும், ஆக்கள் பனடோல் போட்டுக்கொண்டு அங்கேயே நிற்பினம்.

இது எங்கட வீட்டிலயே நடந்தது. மிளகாய்த்தூளுக்கு வறுக்கிற நெடி வீட்டுக்குள்ள வரக்கூடாது என்று அம்மா கராஜில காஸ் அடுப்பு வைச்சு வறுத்துக்கொண்டிருந்தவ. குளிருக்குக் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து வைச்சிருந்தவ. மல்லியும் மிளகாயும் முடிச்சு, சீரகம் போடேக்க தலை சுத்துது என்று கதிரையில இருந்திட்டா. நெடிக்குத்தான் என்று நினைச்சிருக்கிறா. தம்பி தற்செயலாய்ப் போய்க் கதவை முழுக்கத் திறந்து வெளியில கூட்டிக்கொண்டு வந்தவன். வெளிக்காற்றில அரை மணித்தியாலத்தில தலையிடி விட்டது. அண்டைக்குப் பின்னேரம் ஆஸ்பத்திரியில இரத்தம் பார்த்துத்தான் விசயம் விளங்கினது.

எங்கட ஆக்கள் எத்தனை வீட்டில இதே கராஜில வறுக்கினம், பொரிக்கினம். தயவு செய்து கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்று வையுங்கோ. குளிர் தாங்கும் அலாரமா என்று பெட்டியில வெப்பநிலை அளவைப் பார்த்து வாங்குங்கோ. தலையிடித்தால் முதல் வெளியில வாங்கோ, மருந்தைப் பிறகு தேடலாம்.


மணவறை_ஸ்காபரோ | ஒக்ரோபர் 9, மாலை 5.30

அக்கா, வாசிச்சுப்போட்டு மனுசிக்கும் காட்டினனான். போன மாசியில ரெண்டு மூண்டு நாள் எனக்கும் பின்னேரத்தில தலையிடிச்சது. பெயின்ற் மணம் எண்டு நினைச்சிருந்தன். ஹீற்றரை இண்டைக்கே வெளியில எடுத்து வைச்சிட்டன்.


கறண்ட்_பிரம்டன் | ஒக்ரோபர் 10, இரவு 8.00

நான் மின்வேலை செய்யிறனான். அக்கா சொன்னதுக்குப் பிறகு மின்சார ஹீற்றர்தான் வழி. எவ்வளவு வேணும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தன். உள்ளே 10 பாகை, வெளியே -15 என்று எடுத்தேன். இன்சுலேஷன் ஒன்றும் இல்லாத கராஜ் என்றால் மணித்தியாலத்துக்கு 33,000 பி.ரி.யு. அளவில வெளியேறும். சுவருக்கு ஆர்-12, சீலிங்குக்கு ஆர்-40, நல்ல கதவு, இடுக்கு எல்லாம் அடைச்சது என்றால் 8,500தான். நாலில ஒரு பங்கு. 240 வோல்ற், 5,000 வாற்று ஹீற்றர் 17,000 பி.ரி.யு. தரும். ஸ்காபரோவில -20 வந்தாலும் சமாளிக்கும், காலையில கெதியாய்ச் சூடாகவும் மேலதிகம் இருக்கும்.

அதுக்கு 30 அம்பியர் பிரேக்கர், 10 கேஜ் வயர், தனி இணைப்பு. வீட்டிலிருந்து கராஜுக்கு நீட்டுக் கோட் (எக்ஸ்ரென்ஷன் வயர்) இழுத்து ஹீற்றர் கொழுவுற ஆக்கள் இருக்கினம், கோட் சூடாகி உருகினதைக் கண்டிருக்கிறன். நிலத்துக்குக் கீழால கேபிள் போகேக்க ஒன்ராறியோ வன் கோல் எண்ட நிலத்தடி இணைப்புச் சேவைக்கு அழைச்சு, காஸ் குழாய், வயர் எங்க ஓடுது என்று அடையாளம் போடச் சொல்லுங்கோ, காசில்லை. ஈ.எஸ்.ஏ.க்கு (ஒன்ராறியோ மின் பாதுகாப்பு அமைப்புக்கு) அறிவிச்சு, உரிமம் உள்ள ஆளைக்கொண்டு செய்து, சோதனைக்குக் காட்டுங்கோ.


கறிவேப்பிலை_மில்ரன் | ஒக்ரோபர் 11, மதியம் 1.15

இடையில ஒரு கேள்வி. என்ர கராஜில சுவர் கொங்கிறீற் புளொக். ஸ்ரட்டே இல்லை. ஐஞ்சு சாடி கறிவேப்பிலையும் ஒரு முருங்கையும் குளிருக்கு அங்க வைக்க யோசிக்கிறன். காரும் நிற்கும்.


தச்சன்_மார்க்கம் | ஒக்ரோபர் 11, இரவு 9.20

புளொக் சுவருக்கு உள்பக்கம் 2 அங்குல எக்ஸ்.பி.எஸ். (இறுகின நுரைப்) பலகையை நேரே ஒட்டுங்கோ, அது ஆர்-10. மூட்டுகளை ரேப் போட்டு மூடி, முன்னால மெல்லிய ஸ்ரட் அடிச்சு டிறைவோலால மூடுங்கோ. புளொக்கோட பஞ்சு தொடக் கூடாது, ஊறிப்போகும்.

கார் நிற்கிறதென்றால் ஒன்று யோசிக்க வேணும். சில்லுக்குள்ள ஒட்டின பனியும் உப்பும் சூட்டில உருகி நிலத்தில குளமாய் நிற்கும். உப்புத் தண்ணீர் உறைநிலைக்கு மேல இருக்கேக்கதான் இரும்பைக் கெதியாய்த் தின்னும். அந்தத் தண்ணீரை அன்றன்றைக்கே றப்பர்த் தள்ளியால வெளியில தள்ளிவிடுங்கோ. விட்டால் இரும்பும் போகும், ஈரலிப்பும் கூடும். கறிவேப்பிலைக்கு 10 பாகையும் ஒரு லைற்றும் இருந்தால் இலை உதிர்த்தாலும் தண்டு சாகாது. தண்ணீர் குறைச்சு விடுங்கோ.


மணவறை_ஸ்காபரோ | ஒக்ரோபர் 18, இரவு 10.00

பஞ்சு எல்லாம் கழற்றியாச்சு, பதினொரு பை. பலகை தேய்ச்சுக் காயுது. ஒரு சந்தேகம். தாழ்வாரத்தில ஓட்டை, முகட்டில வென்ற் எண்டு போட்டா உள்ள சூடு எல்லாம் போயிடாதா? பெயின்ற் மணம் போக அதுவே காணுமா?


தச்சன்_மார்க்கம் | ஒக்ரோபர் 19, காலை 7.45

இதைத்தான் அநேகமான ஆக்கள் குழப்புறவை. சீலிங்குக்கு மேல ஓடுற காற்று வேறு, அறைக்குள்ள மாறுற காற்று வேறு. மேல் காற்று கூரைப் பலகையைக் காய வைக்க. உங்கட சூட்டோட அது தொடவே கூடாது, நடுவில பிளாஸ்ரிக்கும் பஞ்சும் நிற்க வேணும். ஒரு சின்னத் துவாரம் விட்டாலும் சூடான ஈரக்காற்று அதுக்குள்ளால ஏறிவிடும். லைற் பெட்டி, வயர் போற ஓட்டை, சீலிங்குக்கு மேல ஏறுற வழி மூடி, இந்த மூன்றையும் ஒருமுறைக்கு ரெண்டு முறை பாருங்கோ.

அறைக்குள்ள காற்றுக்குச் சுவரில ஒரு எக்ஸோஸ்ற் விசிறி வையுங்கோ, நிமிடத்துக்கு 80 கன அடி அளவு. அதுக்கு எதிர்ப்பக்கம் காற்று உள்ளே வர மூடியோட ஒரு துவாரம். குழாயைச் சுவருக்குள்ளால நேரே வெளியில விடுங்கோ, சீலிங்குக்கு மேல விட்டால் பழைய கதைதான். -15இல அந்த விசிறி ஓடேக்க ஒரு கிலோவாற்று அளவு சூடு போகும். ஆகவே ரைமர் போட்டுப் பெயின்ற் அடிக்கேக்கயும் பிறகு ஒரு மணித்தியாலமும் ஓடவிடுங்கோ. ஈரலிப்புமானி ஒன்று சுவரில கொழுவி 40 வீதத்துக்குக் கீழ வைச்சிருங்கோ. தண்ணீர்ப் பெயின்ற்றுக்கு மாறுங்கோ. தின்னர் ஆவியும் சூடான ஹீற்றர்க் கம்பியும் ஒரே அறையில இருக்கக் கூடாது.

பெரிய கதவை மறக்காதையுங்கோ. 112 சதுர அடி வெறும் தகரம் என்றால் சுவருக்குச் செய்த வேலை பாதி வீண். அடியில றப்பர் புதுசு, பக்கத்தில சீல். இரவில உள்ளே லைற்றைப் போட்டுவிட்டு வெளியில நின்று பாருங்கோ. வெளிச்சம் தெரியிற இடமெல்லாம் குளிர் வாற இடம்.


மணவறை_ஸ்காபரோ | ஜனவரி 21, காலை 8.10

கனநாள் எழுதேல்லை, மன்னிக்கோணும். வேலை எல்லாம் நவம்பர் கடைசியில முடிஞ்சது. சுவருக்கு றொக்வூல் (கல்லிழைப் பஞ்சு) ஆர்-14 போட்டு, பிளாஸ்ரிக், டிறைவோல். சீலிங்குக்கு மேல ஊதுற பஞ்சு. தாழ்வாரம் ரெண்டு பக்கமும் துளை அலுமினியம், மேல ரெண்டு வென்ற். கறண்ட் அண்ணை சொன்ன மாதிரி 5,000 வாற்று ஹீற்றர், சோதனையும் முடிஞ்சது. அலாரம் கதவுக்குப் பக்கத்தில.

இண்டைக்குக் காலை வெளியில -19. மூடியைத் திறந்து ரோச்சோட ஏறிப் பார்த்தன். ஆணி வரிவரியாக் காஞ்சு, கறுப்பா நிக்குது. பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் ஏணியில நிண்டன். ஆனால் தெற்கு மூலையில மட்டும் ஒரு கைப்பரப்பளவுக்கு ஏழெட்டு ஆணியில வெள்ளை மொட்டு. அதுக்கு நேர கீழ லைற் ஒண்டு இருக்கு.


தச்சன்_மார்க்கம் | ஜனவரி 21, காலை 9.30

லைற் பெட்டிதான் தம்பி. அதின்ர முதுகில வயர் போற ஓட்டையைப் பாருங்கோ. அந்த இடத்தில பஞ்சை விலக்கி, பெட்டிக்கு மேல பிளாஸ்ரிக் தொப்பி வைச்சுச் சுத்திவர சீலன்ற் போடுங்கோ, பிறகு பஞ்சைத் திரும்ப மூடுங்கோ. பிரேக்கரை நிப்பாட்டிப்போட்டுச் செய்யுங்கோ.


மணவறை_ஸ்காபரோ | ஜனவரி 21, இரவு 7.50

பெட்டிக்குப் பின்னால ஒரு விரல் போற ஓட்டை, அண்ணை. கையை வைச்சா சூட்டுக் காத்து மேல ஏறுறது தெரியுது. தொப்பி வைச்சு அடைச்சாச்சு.


மணவறை_ஸ்காபரோ | ஜனவரி 24, காலை 6.40

வெளியில -17. இப்பதான் ஏறி இறங்கினன். அந்த மூலையும் காஞ்சு போச்சு. உள்ள 12 பாகை, ஈரலிப்பு 34 வீதம். தூண் ரெண்டுக்கும் இண்டைக்கு முதல் பூச்சுப் பெயின்ற் அடிக்கப் போறன்.